பழைய டிஸ்கில் ‘ஆக்சஸ் டினைடு’ வந்தால்

பழைய ஹார்டு டிஸ்கைப் புது கம்ப்யூட்டரில் மாட்டியதும், சில நேரம் ‘ஆக்சஸ் டினைடு’ (அனுமதி இல்லை) என்று சொல்லி, நம் போல்டரையே விண்டோஸ் திறக்க விடாது. பயப்பட வேண்டாம், கோப்புகள் பத்திரமாகத்தான் இருக்கும். விண்டோஸ் உரிமையாளரைப் பெயரை வைத்துப் பார்ப்பதில்லை, கணக்கின் தனி அடையாள எண்ணை வைத்தே பார்க்கிறது. அதனால் பெயர் ஒன்றாக இருந்தாலும் புதுக் கணக்கு அதற்கு வேறு ஆள்தான்.

அட்மின் கணக்கில் நுழைந்து, போல்டரை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போங்கள். ‘ஓனர்’ என்பதற்குப் பக்கத்தில் உள்ள ‘சேஞ்ச்’ அழுத்தி உங்கள் கணக்கைக் கொடுங்கள். அப்புறம் ‘ரீப்ளேஸ் ஓனர்’ என்று தொடங்கும் கட்டத்தில் டிக் செய்ய மறக்காதீர்கள். விட்டால் உள் போல்டர்கள் பூட்டியே கிடக்கும்.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸின் சிஸ்டம் போல்டர்களில் மட்டும் இதைச் செய்யவே செய்யாதீர்கள். கம்ப்யூட்டரே கிளம்பாமல் போகலாம்.