குஞ்சுகளைக் கொன்றது காற்று

கருமுழிக் கெண்டை காவிரிப் படுகைக்கே உரிய மீன். கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு தோட்டத்துக் கொட்டகையில் அதன் குஞ்சுகளை வளர்க்கிறேன். தண்ணீர் மாற்றிய மறுநாளெல்லாம் பத்துப் பதினைந்து செத்து மிதந்தன, கண் பிதுங்கியிருந்தது.

அம்மோனியா பார்த்தேன், இல்லை. கல்லுப்பு போட்டேன், கேட்கவில்லை. தண்ணீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டர் இன்னொன்று வைத்தும் அதே கதைதான். ஆறு நாள் வீண்.

தொட்டி கழுவ வந்த அண்ணன்தான், "ஏனுங்க சார், கையெல்லாம் சோடாவாட்டம் ஒட்டுதுங்க" என்றார். நானும் கையை விட்டேன். ஒரு நிமிடத்தில் முடிக்கு முடி பொடிக் குமிழி. லென்ஸில் பார்த்தால் குஞ்சுகளின் துடுப்புச் சவ்வுக்குள்ளும் அதே குமிழிகள். குமிழி நோய்!

மோட்டார் உறிஞ்சும் பைப்பில் ஒரு யூனியன், அதாவது பைப்புகளை இணைக்கும் மூட்டு, லூஸ். உறிஞ்சும் பக்கம் என்பதால் வெளியே சொட்டுக்கூடக் கசியாது, காற்றை மட்டும் உள்ளே இழுக்கும். அந்தக் காற்று பம்பின் அழுத்தத்தில் தண்ணீரில் அளவுக்கு மேல் கரைந்துவிடுகிறது. அப்புறம் மீனின் ரத்தத்தில் குமிழியாகிறது. இதில் ஆக்சிஜனைவிட நைட்ரஜன்தான் வில்லன். ஆக்சிஜன் மீட்டரை மட்டும் நம்பியது என் தப்பு.

யூனியனை டேப் சுற்றி இறுக்கினேன். மிச்சக் காற்று தண்ணீரைவிட்டு வெளியேற, ஓட்டை போட்ட பக்கெட்டில் ஜல்லி நிரப்பி, தண்ணீர் அதன் வழியே சிதறி விழும்படி தொங்கவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று முறை தண்ணீர் மாற்றியாகிவிட்டது. ஒன்றுகூடச் சாகவில்லை, அப்பாடா.