"நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்காதீர்கள்

பராமரிப்பு இல்லத்தில் பெரியம்மாவைப் பார்க்கப் போன முதல் நாள், "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற செவிலியரைப் பார்த்தார். விரல்கள் போர்வை நுனியை மடிக்க ஆரம்பித்தன. நான் கிளம்பும்வரை மடித்துக்கொண்டே இருந்தார்.

பாசத்தில்தான் கேட்கிறோம். மறதி நோய் வந்தவருக்கு அது பரீட்சை. மறதி நோய் வகைகளில் ஒன்றான அல்சைமரில், புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி ஆரம்பத்திலேயே பாதிக்கப்படுகிறது. அதனால் "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்பதும் கஷ்டமான கேள்விதான். ஐம்பது வருடத்துக்கு முந்தைய கதையோ கோவையாக வரும். எதிரில் போய், கண்ணுக்கு நேராக உட்கார்ந்து, "பெரியம்மா, உங்க தங்கச்சி பொண்ணு வந்திருக்கேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

அடுத்த தவறு, திருத்துவது. "எங்கம்மா எப்ப வருவாங்க?" என்று எண்பது வயதுக்காரர் கேட்டால், "அவங்க போய்ச் சேர்ந்து எவ்வளவு வருஷமாச்சு!" என்போம். அவருக்கு அது இப்போதுதான் வந்த சாவுச் செய்தி. மறந்துவிட்டு மறுபடி கேட்பார், மறுபடியும் அதே துடிப்பு. பொய் சொல்லவும் வேண்டாம். "அம்மா நினைப்பு வந்துடுச்சா? அவங்களைப் பத்திச் சொல்லுங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு தானாக அம்மா பக்கம் போய்விடும்.

கூட்டமாகப் போகாதீர்கள், டிவியை அணைத்துவிடுங்கள். பலருக்கு மாலையில் பதற்றம் கூடும் என்பதால் காலை நேரம் நல்லது. அவர் முன்னாலேயே அவரைப் பற்றி ஊழியரிடம் விசாரிக்கவும் கூடாது.

"போனதே ஞாபகம் இருக்காது, எதுக்குப் போகணும்?" என்று நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. 2014இல் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்சைமர் நோயாளிகளுக்குச் சில படக்காட்சிகளைக் காட்டினார்கள். பார்த்தது மறந்த பிறகும் அந்தச் சோகமும் சந்தோஷமும் மனதில் நீடித்தன. நாம் வந்து போனதும் அப்படித்தான்.

இன்னொன்று ஆபத்தானது. ஓரிரு நாளில் குழப்பமோ தூக்கமோ சட்டென்று கூடினால், நோய் முற்றிவிட்டது என்று நாமே முடிவு கட்டக் கூடாது. சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, புது மாத்திரை எதுவும் காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், கிளம்பும்போது "வீட்டுக்குப் போறேன்" என்றால் அவரும் கூடவே எழுந்துவிடுவார். சாப்பாடு வரும் நேரமாகப் பார்த்து, "சாப்பிடுங்க, நான் மறுபடி வரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்திருங்கள். வாசலில் நின்று திரும்பத் திரும்பக் கையசைக்க வேண்டாம்.