இறுமாப்புடனா, மிடுக்காகவா?

குன்னூர் மார்க்கெட்டில் கேரட் விலை கேட்ட ஒருவர், கடைக்காரர் சொல்லி முடிப்பதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். அவர் ‘இறுமாப்புடன்’ நடந்தார் என்று எழுதலாம். தன்னை உயர்த்தி, எதிரில் இருப்பவரைத் துச்சமாக எண்ணும் தோரணைதான் அந்தச் சொல்லின் உயிர். ‘மிடுக்காக’ நடந்தார் என்றால் அது பாராட்டு; அதில் யாரையும் மட்டம் தட்டுவதில்லை. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா ‘கம்பீரமாக’ நிற்கும். ‘இறுமாப்புடன்’ நிற்பது கவிதைக்கு வேண்டுமானால் சரி. பேச்சில் ‘தெனாவட்டாகப் பதில் சொன்னான்’ என்போமே, அதில் இறுமாப்போடு கொஞ்சம் அலட்சியமும் கலந்திருக்கும். அப்புறம், ‘இருமாப்பு’ என்று எழுதிவிடாதீர்கள். பெரிய ‘று’ வர வேண்டும்.