நகராத திரவமும் என் இரண்டு மாதமும்

ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த தம்பி, கண்ணாடி மணிகள் நிரப்பிய பெட்டியையே வெறித்துக்கொண்டிருந்தான். "அண்ணா, அடியில சூடு போட்டு மூணு நாளாச்சு. ஒண்ணும் நகரல." ரியோமீட்டர் (திரவத்தின் பாகுநிலையை, அதாவது கெட்டித்தன்மையை, அளக்கும் கருவி) தாளை வாங்கிப் பார்த்தேன். முன்பு நான் செய்த அதே தவறு. காற்றுக்குமிழி, ஒழுகல் எல்லாம் அவனுக்கே தெரியும், அவற்றை விடுவோம். கீழே உள்ள ஒவ்வொரு தலைப்பும் ஒரு தவறு.

பாகுநிலைக்கு ஒரே எண்

மணிப் பெட்டி மாதிரியான நுண்துளைப் படுகையில் வெப்பச்சலனம் தொடங்க டார்சி–ரேலே எண் (சூடான திரவத்தை மேலே தூக்கும் விசை, தடைகளைவிட எவ்வளவு வலுவானது என்று காட்டுவது) 39.5-ஐத் தாண்ட வேண்டும். 1945-இல் ஹார்ட்டனும் ரோஜர்ஸும், 1948-இல் லாப்வுட்டும் கண்ட கணக்கு இது. ஆனால் அது தண்ணீர் மாதிரியான திரவத்துக்கு.

என்னுடையது சாந்தன் கம் (உணவைக் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் பசை) கரைசல். தக்காளி சாஸ் போல, குலுக்கினால் இளகும், சும்மா விட்டால் கெட்டிப்படும். ரியோமீட்டரில் நொடிக்கு 100 என்ற வெட்டு வீதத்தில் (திரவ அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் வேகம்) கிடைத்த பாகுநிலையை அப்படியே கணக்கில் போட்டேன். 6 மி.மீ. மணிகள், 10 செ.மீ. உயரம், 15 டிகிரி வித்தியாசம்: ரேலே எண் 62 வந்தது. சந்தோஷமாக ஹீட்டரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். பெட்டியைப் பிரித்தேன், சீலை மாற்றினேன், தெர்மோகப்பிளைத் திட்டினேன். இரண்டு மாதம் போச்சு.

மணிகளுக்கு நடுவே திரவம் நொடிக்குச் சில மைக்ரோமீட்டர்தான் ஊரும். அங்கே வெட்டு வீதம் 0.1-ஐத் தொட்டாலே அதிகம். நான் அளந்ததைவிட ஆயிரம் மடங்கு குறைவு! வெட்டு வீதத்தோடு பாகுநிலை எப்படி மாறும் என்று சொல்லும் பவர் லா சூத்திரத்தில் அடுக்கெண் 0.5 என்றால் பாகுநிலை சுமார் 32 மடங்கு கூடும். ரேலே எண் அதே மடங்கு குறையும்: என் 62 உண்மையில் 2. இதை இன்னும் நினைத்தால் எரிச்சல்தான். வேகத்தைத் துளையளவால் வகுத்துப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

பவர் லாவை நம்பி உட்காருவது

அசையாத திரவத்தில் அது பாகுநிலையை முடிவிலி என்கும். அப்புறம் சலனம் தொடங்கவே தொடங்காது. அசையாதபோதும் பாகுநிலைக்கு ஓர் எல்லை வைக்கும் காரோ (Carreau) மாதிரியைப் போடுங்கள்.

1708

39.5-க்குப் பதிலாக இந்த ரேலே எண்ணைச் சலனத் தொடக்கமாக எடுக்காதீர்கள். அது மணியில்லாத திரவப் படலத்துக்கு.

போன வாரக் கரைசல்

பாக்டீரியாவுக்குத் தீனி. சென்னை வெயிலில் வெளியே வைத்தால் நீர்த்துப்போகும். ஃப்ரிட்ஜில் வைத்தாலும் ஒவ்வொரு சோதனைக்கும் முன்னும் பின்னும் பாகுநிலையை அளந்துபாருங்கள்.

மேல்தட்டைக் குளிர்விக்கக் குழாய்த் தண்ணீர்

மே மாத மத்தியானம், மொட்டைமாடி டேங்க் தண்ணீரில் ஒருமுறை கை வைத்துப் பாருங்கள்.