கடலில் போட்டாலும் அளந்து போடுங்கள்: காப்ரி, அமால்ஃபி படகுப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஜூனில் அக்கா மகன் கல்யாணமான கையோடு மனைவியை அழைத்துக்கொண்டு இத்தாலி வந்தான். ரோமில் எங்கள் வீட்டில் இரண்டு நாள், பிறகு காப்ரி தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள சொரென்டோ என்று திட்டம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "மாமா, காப்ரிக்கு போட் டூர் புக் பண்ணியாச்சு, நீலக் குகையும் சேர்த்து" என்றான். போனை வாங்கிப் பார்த்தேன். 2014-ல் நான் எந்த வரியைப் படிக்காமல் பணம் கட்டினேனோ, அதே வரி, அதே பொடி எழுத்தில் கடைசியில் இருந்தது.

தொப்பி, சன்ஸ்கிரீன், வாந்தி மாத்திரை பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும். அதைச் சொல்ல நான் வேண்டாம்.

நீலக் குகை வரை போவது வேறு, உள்ளே போவது வேறு

குகை காப்ரி தீவின் வடமேற்கு ஓரத்தில் இருக்கிறது. வாய் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம்தான். பெரிய படகு எதுவும் நுழைய முடியாது. நீங்கள் வந்த படகு வெளியே நிற்கும். துடுப்புப் படகு ஒன்று பக்கத்தில் வந்து மூன்று நான்கு பேரை ஏற்றிக்கொள்ளும். மிதக்கும் டிக்கெட் கவுண்டரில் தலைக்கு 18 யூரோ கட்ட வேண்டும். டூர் கட்டணத்தில் பெரும்பாலும் இது சேராது. பிறகு படகுக்குள் மல்லாந்து படுக்கச் சொல்வார்கள். அலை இறங்கும் நொடியில் படகுக்காரர் பாறையில் கட்டிய சங்கிலியைப் பிடித்து ஒரே இழுப்பில் உள்ளே கொண்டுபோவார். வாய்க்குக் கீழே, தண்ணீருக்குள், இன்னொரு பெரிய திறப்பு இருக்கிறது. வெயில் அதன் வழியாகக் கடல்நீரில் வடிகட்டி வருவதால்தான் அந்த நீலம். அழகுதான், மறுக்கவில்லை. ஐந்து நிமிடம். படகுக்காரர் ஒரு பாட்டுப் பாடுவார், டிப்ஸ் எதிர்பார்ப்பார், வெளியே வந்துவிடுவீர்கள்.

வெளியே காத்திருக்கும் நேரத்தைப் பற்றி விளம்பரத்தில் ஒரு சொல் இருக்காது. 2014-ல் நாங்கள் போன அன்று எங்களுக்கு முன்னால் பதினொரு படகுகள். இயந்திரத்தை அணைத்துவிட்டு, உச்சி வெயிலில், டீசல் வாடையில் ஒன்றரை மணி நேரம். ஓடுகிற படகைவிட நிற்கிற படகுதான் வயிற்றைக் கலக்கும். என் மனைவி காலையில் சாப்பிட்ட அத்தனையும் கடலுக்குப் போயிற்று. மூன்று படகு பாக்கி இருக்கும்போது அலை ஏறியது, குகையை மூடிவிட்டார்கள். தலைக்கு 90 யூரோ கொடுத்த பயணம். போன நேரத்தை ஈடுகட்ட, காப்ரிக் கரையோரம் கடலிலிருந்து எழுந்து நிற்கும் ஃபராலியோனி பாறைகளைத் தூரத்திலிருந்தே காட்டிவிட்டுத் திருப்பினார்கள். தீவில் இறங்கி நடக்க இரண்டு மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். படகு கம்பெனிப் பையன் டிக்கெட்டின் கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டினான்: "கடல் நிலை அனுமதித்தால்". குகை வரை கூட்டிப்போவதாகத்தான் சொன்னார்களாம், உள்ளே என்று சொல்லவில்லையாம். இன்றைக்கும் நினைத்தால் எரிகிறது. அவன் சொன்னது சரி என்பதால்தான் இன்னும் எரிகிறது.

இதில் ஏமாற வைப்பது வானிலை. சொரென்டோவில் வெயில் பளீரென்று அடிக்கும், துறையில் கடல் தகடு மாதிரி கிடக்கும். ஆனால் குகையின் வாய் வடமேற்கைப் பார்த்த பக்கம். அந்தத் திசைக் காற்று லேசாகக் கிளம்பினாலே போதும், ஒரு மீட்டர் இடைவெளியில் அரை மீட்டர் அலைக்குப் போய்விடும். காலையில் திறந்திருந்தது மதியம் மூடலாம். எனவே மூன்று வாரத்துக்கு முன்பே தேதி குறித்துக் குகைக்காகப் பணம் கட்டுவது சீட்டாட்டம்.

வழி இருக்கிறது. வழக்கமான ஃபெரியில் காப்ரியின் மரீனா கிராண்டே துறைக்குப் போங்கள். குகை இன்று திறந்திருக்கிறதா என்று அங்குள்ள படகு கவுண்டரில் கேளுங்கள். திறந்திருந்தால் பஸ் பிடித்து, தீவின் மேட்டில் உள்ள அனாகாப்ரி ஊருக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் குகைக்கு மேலே இறங்கி, படிக்கட்டு வழியாகத் தண்ணீர் வரை போகலாம். துடுப்புப் படகு அந்தப் படிக்கே வந்து ஏற்றிக்கொள்ளும். வரிசை அங்கேயும் உண்டுதான். ஆனால் காலுக்குக் கீழே தரை இருக்கும், சலித்தால் திரும்பி நடக்கலாம். மூடியிருந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. தீவைச் சுற்றும் படகு மட்டும் எடுத்து, ஃபராலியோனியின் நடுப்பாறையில் உள்ள வளைவு வழியாகப் போய்வாருங்கள். என்னைக் கேட்டால் குகையைவிட அதுவே மேல்.

மருமகனிடம் இவ்வளவும் சொன்னேன். "கட்டியாச்சே மாமா" என்று போனான். மறுநாள் பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம்: வரிசையில் நிற்கும் படகுகள். கீழே எழுத்து எதுவும் இல்லை.

நேபிள்ஸில் துறை ஒன்றல்ல

காப்ரிக்கு நேபிள்ஸிலிருந்து கிளம்புபவர்கள் இதில் தவறாமல் சிக்குகிறார்கள். வேகப் படகுகள் மோலோ பெவெரெல்லோவிலிருந்து. மெதுவாகப் போகும் பெரிய ஃபெரிகள் காலாத்தா போர்த்தா தி மாஸ்ஸாவிலிருந்து. பெட்டியை இழுத்துக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடுவதற்குள் படகு போய்விடும். அமால்ஃபி கடற்கரையின் கிழக்கு முனையில் உள்ள சலேர்னோவிலும் இதே கதை: ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பியாத்சா தெல்லா கொன்கோர்தியா, கடற்கரைச் சாலையின் மறுகோடியில் மோலோ மன்ஃப்ரேதி. டிக்கெட்டில் ஊர்ப் பெயரைப் பார்த்தால் போதாது, துறைப் பெயரைப் பாருங்கள்.

இன்னொன்று: வேகப் படகு என்பது ஏசி போட்ட மூடிய பெட்டி. உப்புப் படிந்த கண்ணாடி வழியாக எதுவும் தெரியாது. காட்சிக்காகப் போகிறவர் அதில் ஏறுவது வீண்.

கடைசிப் படகை நம்பி பொசிட்டானோவில் உட்காருவது

அமால்ஃபி கடற்கரை ஊரான பொசிட்டானோவில் இருப்பது முறையான துறைமுகம் அல்ல, திறந்த கடற்கரையில் நீட்டிய மேடை. தென்மேற்குக் காற்று கொஞ்சம் வலுத்தால் படகு அந்த ஊரை மட்டும் விட்டுவிட்டு நேரே போய்விடும். அப்புறம் இருப்பது மலையை வளைந்து வளைந்து போகும் சாலையும், அதில் நிரம்பி வழியும் பஸ்ஸும்தான். அன்று இரவு விமானமோ ரயிலோ இருந்தால் மதியமே கிளம்பிவிடுங்கள். கடைசிக்கு முந்தைய படகு என்று வைத்துக்கொண்டால்கூடச் சரி.

ரவெல்லோவுக்குப் படகு

கிடையாது. ஊர் கடலுக்கு மேலே 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அமால்ஃபியில் இறங்கி பஸ் பிடியுங்கள்.

பெரிய பெட்டி

படகில் தனிக் கட்டணம். பொசிட்டானோவில் இறங்கினால் எல்லாம் படிக்கட்டு.

குளிர்காலத்தில் போவது

அமால்ஃபி கடலோர ஃபெரிகள் பொதுவாக ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான். டிசம்பரில் லீவு கிடைத்தது என்று வருபவர்கள் பஸ்ஸுக்குத் தயாராக வாருங்கள்.

ஃபெரியைப் போக்குவரத்து என்று மட்டும் நினைப்பது

நூறு யூரோ கொடுத்து "கடலோர உலா" எடுப்பவர்கள் பார்க்கும் அதே மலையை, அதே வீடுகளை, சலேர்னோவிலிருந்து பொசிட்டானோ போகும் சாதாரண ஃபெரி அதில் ஒரு சின்னப் பங்குச் செலவில் காட்டுகிறது. அமால்ஃபிக்கு அரை மணிக்குச் சற்று மேல், பொசிட்டானோவுக்கு ஒரு மணிக்குச் சற்று மேல். நீந்த வேண்டும், குட்டிக் கடற்கரைகளில் நிற்க வேண்டும் என்றால் மட்டும் நாலைந்து பேராகச் சேர்ந்து தனிப் படகு எடுங்கள். எரிபொருள் கட்டணத்தில் சேர்த்தியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஃபெரியில் மேல்தளத்துக்குப் போங்கள். சலேர்னோவிலிருந்து போகும்போது வலது பக்கம். கரை அந்தப் பக்கம்தான். திரும்பும்போது இடது.