கிரெவில்லியா இலை கருகினதுக்கு நான் பண்ணின வைத்தியம்

பக்கத்து பிளாக்ல இருந்த அக்கா வீடு மாறும்போது "தம்பி, இத நீயே வச்சுக்கோ"ன்னு ஒரு கிரெவில்லியா பேங்க்ஸி செடியை குடுத்துட்டு போனாங்க. இலை ஓரமெல்லாம் தீஞ்ச மாதிரி பிரவுன், புது தளிர் மஞ்சள், ஆனா நரம்பு மட்டும் பச்சை, மொட்டு விட்டா உதிர்ந்துடும். தண்ணி பத்தலன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. மேல் மண்ண கிளறுனா கடுகு சைஸ்ல நீல உர உருண்டை, 15-15-15 ரகம் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ் மூணும் சம அளவு), அங்கதான் விஷயமே.

இது ஆஸ்திரேலியா குயின்ஸ்லாந்து கடலோரத்து செடி, சத்தில்லாத மணல்ல இருக்கிற துளியூண்டு பாஸ்பரஸையும் உறிஞ்ச கொத்து கொத்தா வேர் விடும், நம்ம பூச்செடி உரத்த போட்டா அளவில்லாம இழுத்து அதுவே விஷமாயிடும், இரும்புச்சத்தும் ஏறாது. எலும்புத்தூளும் ஆகாது, அதுலயும் பாஸ்பரஸ்தான்.

உருண்டைய பொறுக்கிட்டு, நல்லா தண்ணி விட்டு அலசி, கொரகொரப்பான ஆத்து மணல், லாவா கல், கொஞ்சம் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலந்து மண்சட்டிக்கு மாத்தினேன். வேர ரொம்ப நோண்டல. அப்புறம் இரும்பு கீலேட் (செடி சுலபமா உறிஞ்சுற மாதிரி இருக்கிற இரும்புச்சத்து) மட்டும் லேசா கலக்கி ஊத்தினேன். சிங்கப்பூர்ல வருஷத்துக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல மழை, அதனால சாரல் படாத, வெயில் அடிக்கிற காரிடார் பக்கம் வச்சேன். சட்டிக்கு அடியில தட்டு கிடையாது, தண்ணி தேங்காது, டெங்கி கொசுவும் வராது, வேருக்கும் நல்லது.

கருகின பழைய இலை திரும்ப பச்சையாகாது, அத பாத்து பயப்படாதீங்க, புது இலைய மட்டும் கவனிங்க. எனக்கு இப்ப சிவப்பு பூ நிக்குது. வெட்டும்போது கையுறை போடுங்க, சிலருக்கு தோல் தடிச்சு அரிக்கும்.