சாட் செர்வருக்கு முன்னால் ரிவர்ஸ் ப்ராக்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சனிக்கிழமை, பாயான் லெப்பாஸில் ஒரு மாமாக் கடை. பட்டர்வொர்த்திலிருந்து வந்த தம்பி ஒருவர் சொந்தமாக ஒரு மேட்ரிக்ஸ் சாட் செர்வர் நடத்துகிறார். அதற்கு முன்னால் எஞ்சின்எக்ஸ்: வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை வாங்கி உள்ளே செர்வரிடம் தள்ளிவிடும் ரிவர்ஸ் ப்ராக்சி. மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். "அண்ணே, எல்லாம் ஓடுது. ஆனா கேஎல் செர்வர்ல இருக்கறவங்க மட்டும் எங்க ரூமுக்குள்ள வர முடியல." கான்ஃபிக்கைப் பார்க்கும் முன்பே எனக்கு விடை தெரிந்துவிட்டது. கோரிக்கையை எங்கே தள்ள வேண்டும் என்று சொல்லும் ப்ராக்சி பாஸ் வரியைத் தேடினேன். கடைசியில் அது இருந்தது: சாட் செர்வரின் போர்ட் எண்ணான 8008-க்குப் பிறகு ஒரு சாய்கோடு.

அரைப்புள்ளி விட்டுப்போவது, அடைப்பை மூடாமல் விடுவது பற்றியெல்லாம் இங்கே பேசவில்லை. அதற்கு எஞ்சின்எக்ஸே கத்திவிடும். கத்தாமல் கழுத்தை அறுப்பவை வேறு.

ஒரே ஒரு சாய்கோடு

சில ஆண்டுகளுக்கு முன் தைப்பூசம் நெருங்கும் நேரம். தண்ணீர்மலையில் பந்தல் போடும் எங்கள் குழுவுக்கு மேட்ரிக்ஸ் சினாப்ஸ் செர்வர் ஒன்றை நிறுவியிருந்தேன். மேட்ரிக்ஸ் என்பது வெவ்வேறு செர்வர்களில் இருப்பவர்களும் ஒரே ரூமில் பேச வழிசெய்யும் சாட் முறை, சினாப்ஸ் அதற்கான செர்வர் மென்பொருள். பத்துமலையில் பந்தல் போடும் செந்தூல் நண்பர்களுக்குத் தனி செர்வர். சாமான்களை ஒரே லோரியில் ஏற்றலாம் என்று இருவருக்கும் பொதுவாக ஒரு ரூம் திறந்தேன், எங்கள் செர்வரில். அவர்களால் உள்ளே வர முடியவில்லை. ஆனால் அவர்கள் ரூமுக்கு நாங்கள் போனால் கதவு திறந்தது, செய்திகளும் வந்தன. பாதி வேலை செய்கிற கோளாறுதான் ஆளைக் கொல்லும்.

லாகில் '401, கையொப்பம் செல்லாது' என்ற பொருளில் ஒரு வரி. உடனே என் புத்தி சான்றிதழ் பக்கம் ஓடியது. அப்புறம் டிஎன்எஸ். அப்புறம் செர்வர் கடிகாரம். நான்காவது ராத்திரி, சாவியே கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, சினாப்ஸின் கையொப்பச் சாவிக் கோப்பை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கினேன். பழைய கோப்பை எடுத்து வைக்கவும் இல்லை. இதை எழுதும்போதே எரிச்சலாக வருகிறது. பழைய சாவியால் கையொப்பமிட்டவற்றைப் புதிதாக வரும் செர்வர்கள் சரிபார்க்க, பழைய பொதுச்சாவியைக் கான்ஃபிக்கில் குறிப்பிட்டாக வேண்டும். கோப்பே இல்லாமல் எதைக் குறிப்பிடுவது? பழைய ரூம்களை மூடிவிட்டுப் புதிதாகத் திறந்தோம்.

நடந்தது இதுதான். மேட்ரிக்ஸில் ஒரு செர்வர் இன்னொன்றுக்கு அனுப்பும் கோரிக்கையில் கையொப்பம் இருக்கும். அது கோரிக்கையின் முகவரிப் பாதையையும் சேர்த்துப் போடப்படுவது. ரூம் அடையாளம் ஆச்சரியக்குறியில் தொடங்கும், பாதையில் அது %21 என்று போகும். ப்ராக்சி பாஸில் முகவரியும் போர்ட்டும் மட்டும் இருந்தால் எஞ்சின்எக்ஸ் பாதையைத் தொடாமல் அப்படியே தள்ளிவிடும். பின்னால் ஒரு சாய்கோடு சேர்த்தால் அதுவும் ஒரு பாதைதான். உடனே எஞ்சின்எக்ஸ் வந்ததைப் பிரித்து, ஒழுங்குபடுத்தி, %21-ஐ மறுபடி ஆச்சரியக்குறியாக்கி அனுப்பும். சினாப்ஸ் பார்க்கும் பாதை வேறு, கையொப்பமிட்ட பாதை வேறு. 401.

சாதாரணச் செய்திகள் வரும் பாதையில் இப்படிப்பட்ட குறிகள் இல்லை, அதனால் அவை தப்பித்துவிடும். ரூமில் சேரும் கோரிக்கையில் ரூம் அடையாளமும் பயனர் பெயரும் பாதையிலேயே இருக்கும், அது மாட்டிக்கொள்ளும். 'லொகேஷன் /' என்று இருக்கும்போது கடைசியில் ஒரு '/' போட்டால் என்ன குடி முழுகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். சாதாரண இணையதளத்துக்கு முழுகாது, அங்கே பழகிய கைதான் இங்கேயும் போட்டுவிடுகிறது. சினாப்ஸின் சொந்த வழிகாட்டியிலேயே இதற்கு எச்சரிக்கை இருக்கிறது. அதைப் படிக்காமல் வேறெங்கோ எடுத்து ஒட்டியது என் தப்பு. எஞ்சின்எக்ஸுக்குப் பதில் அப்பாச்சி வைத்திருப்பவர்களுக்கும் இதே நோய் உண்டு, அங்கே ப்ராக்சி பாஸ் வரியில் 'நோகேனன்' சேர்க்க வேண்டும்.

சரி, திருத்தியாயிற்று. நம் செர்வரிலேயே இன்னொரு கணக்கைத் திறந்து சோதிப்பதில் பயனில்லை. வேறு செர்வரில் இருப்பவரை நம் ரூமுக்குள் வரச் சொல்லிப் பாருங்கள்.

எல்லோருக்கும் ஒரே ஐபி

வருபவரின் உண்மையான ஐபியைச் சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் தலைப்பை ப்ராக்சி அனுப்பாவிட்டாலும், சினாப்ஸ் பக்கம் அதை நம்பச் சொல்லாவிட்டாலும், உள்ளே வருகிற அத்தனை பேரும் ப்ராக்சியின் ஐபியாகத்தான் (127.0.0.1 போல) தெரிவார்கள். உள்நுழைவுக் கட்டுப்பாடு ஐபியை வைத்தும் கணக்குப் பார்க்கிறது. எங்கள் குழுவில் ஒரு பெரியவர் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பத் தப்பாக அடித்தார். அந்த நேரத்தில் உள்ளே வரப் பார்த்த மற்றவர்களும் வெளியே நின்றார்கள்.

படம் ஏறவில்லை

நாம் மாற்றாதவரை, ஏற்றும் கோப்பின் அளவுக்கு எஞ்சின்எக்ஸின் வரம்பு 1 எம்பி, சினாப்ஸுடையது 50 எம்பி. இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

சான்றிதழ்

இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டால் போதாது, எஞ்சின்எக்ஸை ரீலோட் செய்ய வேண்டும்.

வெப்சாக்கெட்

வெப்சாக்கெட் என்பது செர்வரோடு திறந்தே இருக்கும் இணைப்பு. மேட்டர்மோஸ்ட், ராக்கெட்சாட் போன்ற வேறு சாட் செர்வர்களுக்கு அதைத் திறக்கும் அப்கிரேட் தலைப்புகள் கட்டாயம். மேட்ரிக்ஸ் கிளையண்டுக்குத் தேவையே இல்லை.

டாக்கரும் யூஎஃப்டபிள்யூவும்

8008-ஐ ஃபயர்வாலில் மூடிவிட்டேன் என்று அந்தத் தம்பியும் சொன்னார். கைப்பேசி டேட்டாவிலிருந்து போர்ட் எண்ணோடு முகவரியை அடித்துக் காட்டினேன், பக்கம் திறந்தது. அவர் சினாப்ஸை டாக்கர் கன்டெய்னரில் ஓட்டுகிறார். டாக்கர் வெளியிடும் போர்ட், யூஎஃப்டபிள்யூ என்கிற ஃபயர்வாலின் விதிகளைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ப்ராக்சி பாஸில் இருந்த சாய்கோட்டை எடுத்துவிட்டு, டாக்கர் போர்ட்டுக்கு முன்னால் 127.0.0.1 என்று சேர்த்து கன்டெய்னரை மறுபடி ஏற்றினார். ரொட்டி சானாய் வருவதற்குள் கேஎல் நண்பர் ரூமுக்குள் வந்து 'பசியாறிட்டீங்களா?' என்று கேட்டிருந்தார்.